கலப்பு வெள்ளை ஒயினை மதிப்பிடுவது எப்படி? பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். கப்பலில் உணவு பரிமாறும் வேலை. விடுப்பு முடிந்து திரும்பியதும் ஒயின் சுவைத்துச் சொல்லும் தேர்வு இருக்கிறது. பழகிப் பார்க்க பிரான்சின் போர்தோ பகுதி வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். இனிப்பில்லாத வகை, சோவின்யோன் பிளாங், செமியோன் என்ற இரண்டு திராட்சைகளின் கலப்பு. முதலாவது புளிப்பும் பச்சை வாசனையும் தரும், இரண்டாவது வாயில் கனம் தரும்.

நேற்று மதியம் திறந்தேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றியதும் கோப்பை வியர்த்துவிட்டது. முகர்ந்தால் ஒன்றுமில்லை, நாக்கில் வெறும் புளிப்பு. பத்து நிமிடம் கழித்து நாரத்தை இலையைக் கசக்கியதுபோல ஒரு வாசனை, அதன் பின்னால் லேசாகத் தேன்மெழுகு. அவ்வளவு அழகு! ஆனால் எங்கள் ஊர் வெயிலில் அது நிற்கவில்லை. மேலும் சூடேறியதும் சாராய நெடி எழும்பி, அடித்தொண்டையில் கசப்பு தங்கிவிட்டது.

அந்தக் கசப்பு ஒயினின் குறையா, சூட்டினால் வந்ததா? இந்த வகையை 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் குளிரில் பரிமாற வேண்டும் என்கிறார்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் அதை எப்படிக் கணிப்பது? கலப்பில் இரண்டு திராட்சையும் தனித்தனியே தெரிவது நல்லதா, ஒன்றாகக் கரைந்திருப்பது நல்லதா? இதுதான் என்னை மிகவும் குழப்புகிறது.

இன்னொன்று. வீட்டுக்குப் பின்னால் கருவாடு காய்கிறது. காற்று திரும்பினால் மூக்கு வேறெதையும் பிடிப்பதில்லை. விடியற்காலையில் சுவைத்தால் சரிப்படுமா? சீலா வறுவலோடு குடித்தபோது கசப்பே தெரியவில்லை, ஆனால் தேர்வில் மீன் தரமாட்டார்கள்.

பாதி பாட்டில் மூடி குளிரில் இருக்கிறது. கெடுவதற்குள் இன்னொரு முறை சுவைக்க வேண்டும். நாளைக்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.