மழைநீர் ஃபில்டர் அடைச்சுக்குது, யோசனை சொல்லுங்க

வணக்கம். வேளச்சேரியில் 1,000 சதுர அடி மொட்டை மாடி. 4 இஞ்ச் பைப் வழியா 200 லிட்டர் டிரம் ஃபில்டருக்கு வந்து சம்ப்புக்குப் போகுது. அடியில் முக்கால் இஞ்ச் ஜல்லி, நடுவில் கரி, மேலே மணல். தூறலுக்குப் பிரச்சினையே இல்லை. ஐப்பசி அடைமழையில்தான் சிக்கல். மணிக்கு 50 மி.மீ. பெய்தா சுமார் 4,600 லிட்டர் இறங்கும். மணல் மேல வேப்பஞ்சருகும் சேறும் விரல் கனத்துக்குப் படிஞ்சு, தண்ணி டிரம் விளிம்பில் வழியுது. மணலைக் குறைச்சா கலங்கல் சம்ப்புக்குள்ள போயிடும்.

முதல் மழைத் தண்ணியை வெளியேத்த வால்வு இருக்கு. ராத்திரி மழைக்கு யார் திறக்கிறது? அந்த முதல் தண்ணியைத் தனியா பிடிச்சு, நிரம்பினதும் பந்து மிதந்து தானா அடைக்கிற குழாய் போட்டவங்க இருக்கீங்களா? அது எத்தனை லிட்டர் பிடிக்கணும்? கார்த்திகைக்குள்ள மாத்தியாகணும். இந்த வேலை தெரிஞ்ச பிளம்பர் இருந்தாலும் சொல்லுங்க.