மறு: டெர்வார் – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள ஐயா, நண்பர்களே,

ஒயின் பற்றிய பிரெஞ்சுச் சொற்களைத் தமிழாக்கும் நம் பட்டியலில் முதலில் டெர்வார். ஓர் இடத்தின் மண், சரிவு, தட்பவெப்பம், உழைப்பு எல்லாம் சேர்ந்து அதன் விளைச்சலுக்குத் தரும் தனித்தன்மை.

> 'திணை' இருக்கப் புதுச்சொல் எதற்கு? நிலமும் பொழுதும் சேர்ந்ததுதானே முதற்பொருள்?

திணையையே வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் திணை வகைப்படுத்துகிற சொல். குறிஞ்சி என்றால் மலையும் மலைசார்ந்த இடமும் மொத்தமாக அதில் அடங்கிவிடும். பிரெஞ்சுக்காரர் டெர்வார் என்னும்போது பக்கத்து மேட்டில் இல்லாத எது இந்த மேட்டில் இருக்கிறது என்று கேட்கிறார்.

சொல்லை ஓர் இடத்தில் வைத்து உரசிப் பார்ப்போம். பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் எர்மிதாஜ் என்ற திராட்சைக் குன்று. அந்த வட்டாரத்தில் ஷாவ் குடும்பம் 1481 முதல் திராட்சை பயிரிடுகிறது. இன்றும் தோட்டம் அவர்கள் கையில்தான். ஒயின் நிலவறை எதிர்க்கரையில், மோவ் என்ற ஊரில். குன்று மொத்தமே சுமார் 135 ஹெக்டேர். அதிலும் பல பண்ணைகளுக்குப் பங்கு. தெற்கு பார்த்த சரிவு, வடக்கேயிருந்து அடிக்கும் மிஸ்ட்ரால் காற்றுக்குக் குன்றே மறைப்பு. குன்றின் மேற்கு ஓரத்தில் பெஸ்ஸார் என்ற பகுதி கருங்கல் நிலம். எதிர்க்கரை மலையின் பாறைதான் அது. ஆறு நடுவே அறுத்துக்கொண்டு போனதில் இந்தப் பக்கம் தங்கிவிட்டது. அதை ஒட்டிய மெயால் என்ற பகுதியில் கூழாங்கல்லும் சுண்ணாம்பும். கிழக்கே போகப் போகக் களி. சிவப்பு ஒயினுக்கு எங்கும் சிரா என்ற திராட்சை வகைதான். ஆனால் பெஸ்ஸார் பழத்து ஒயின் துவர்ப்பேறி விறைத்து நிற்கும், மெயாலுடையது சதைப்பற்றோடு இளகி வரும். ஷாவ் குடும்பத்தார் ஒவ்வொரு நிலத்து அறுவடையையும் தனியே புளிக்கவைத்து, புட்டியில் அடைக்கும் முன்புதான் கலக்கிறார்கள். நாம் தேடும் சொல் பெஸ்ஸாருக்கும் பொருந்தவேண்டும், குன்று முழுமைக்கும் பொருந்தவேண்டும்.

'மண்வாசனை' இங்கே உதவாது. மழை மணமும் சினிமா விமரிசனமும்தான் நினைவுக்கு வரும். தவிர, மண் பாதிக் கதைதான். 'புவிசார் தன்மை' என்றால் வேறு சிக்கல். புவிசார் குறியீடு சட்டப் பாதுகாப்பு; கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் கிடைத்ததே, அது. எர்மிதாஜ் 1937இல் பெற்ற அப்பெலாசியோன் என்ற பிரெஞ்சு ஊர்ப்பெயர்த் தகுதியும் அந்த இனம். புவிசாரை அதற்கு விட்டுவைப்போம்.

என் பரிந்துரை: நிலவாகு.

> மனித உழைப்பு இதில் அடங்குமா?

அடங்கும் ஐயா. 'உடல்வாகு' பிறவியும் வளர்ப்பும் கலந்தது, ஆளுக்கு ஆள் மாறுவது. 'கைவாகு' என்றும் சொல்கிறோம். எர்மிதாஜில் மழைக்குக் கரைந்து இறங்கும் மண்ணை வாரி மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டவேண்டும். சாந்து பூசாத கல்சுவர் சரிந்தால் திரும்ப அடுக்கவேண்டும். அந்தக் கைகள் இல்லையென்றால் அங்கே படிக்கட்டு நிலமே நின்றிருக்காது. 'பெஸ்ஸாரின் நிலவாகு வேறு, மெயாலின் நிலவாகு வேறு' என்று எழுதிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை. 'நிலவு ஆகு' என்று பிரித்துப் படிக்கும் குறும்பர்கள் இருப்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பட்டியலில் அடுத்தது எஷாலா. ஒவ்வொரு கொடிக்கும் பக்கத்தில் தனித்தனியே ஊன்றும் கழி. யாரோ 'பந்தல்' என்று குறித்திருக்கிறீர்கள், ஆகாது. அது தேனிப் பக்கத்து முறை, கொடி தலைக்கு மேல் படரும். 'கொழுகொம்பு' கைவசம் இருக்கிறது, அப்படியே வைத்துவிடலாம்.

மிச்சம் இருப்பது லியூதி. பெஸ்ஸார், மெயால் போலத் தனிப்பெயரோடு புழங்கும் நிலப்பகுதி. கொங்குப் பக்கம் கிணத்துக்காடு, மேட்டுக்காடு என்று ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. இப்படிப் பேரிட்ட நிலத்துக்கு உங்கள் ஊரில் பொதுச்சொல் ஏதும் வழங்குகிறதா?