பழைய பைத்தான் கடைக் கணக்கு, புதிய கணினி: உங்கள் அனுபவம் எப்படி?

சுங்கை சிப்புட்டில் தெரிந்த அக்கா ஒருவர் சாமான் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையில் பாதிக்கு மேல் செம்பனைத் தோட்டத்து ஆட்கள். சம்பளம் கைக்கு வந்ததும் பாக்கியை அடைப்பார்கள். 555 புத்தகத்தில் (கடன் எழுதும் சின்னக் குறிப்பேடு) இருந்த கணக்கை யாரோ ஒரு தம்பி பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய 2.7 பதிப்பில் சின்ன நிரலாக எழுதிக் கொடுத்திருந்தார். பழைய கணினி படுத்துவிட்டது. புதியதில் இருப்பது பைத்தான் 3.13. வேலை என் தலையில் விழுந்தது.

நிறுவும்போதே, பழைய நிரலைத் தானாக பைத்தான் 3-க்கு மாற்றும் 'யூஸ் 2டு3' வசதி செல்லாது என்று நிறுவும் கருவியான செட்டப்டூல்ஸ் கைவிரித்தது. அந்த வசதியை 58-ஆம் பதிப்பிலேயே தூக்கிவிட்டார்கள். பைத்தானோடு வந்த பழைய நிறுவும் கருவி டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12-இல் போய்விட்டது. நிரலை மாற்றித் தரும் 2டு3 கருவியும் 3.13-இல் கிடையாது. அதனால் பக்கத்தில் 3.8 ஒன்றைப் போட்டு மாற்றிக்கொண்டேன். பிரிண்டுக்கு அடைப்புக்குறி, ஹேஸ்_கீ-க்குப் பதில் இன்... இதெல்லாம் கத்திக் காட்டிக்கொடுக்கிற பிழைகள். அவற்றோடு எனக்குச் சண்டையே இல்லை.

ரசீது வந்தது. அக்கா ஒரு பில்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏன் தம்பி, 12 வெள்ளி 43 காசா? ஒரு காசு ரெண்டு காசு இப்ப யாருகிட்ட இருக்கு?"

2008 ஏப்ரல் 1 முதல் இங்கே மலேசியாவில் ரொக்கத் தொகையை 5 காசுக்குச் சரிக்கட்டுகிறோம் அல்லவா? நிரலில் அதற்கு ஒரே வரிதான்: மொத்தக் காசில் 2 கூட்டு, 5-ஆல் வகு, 5-ஆல் பெருக்கு. பழைய பைத்தான் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியை உதறிவிடும். அந்தப் பில் 1241 காசு. 2 சேர்த்தால் 1243, வகுத்தால் 248, பெருக்கினால் 1240. சரி. பைத்தான் 3-இல் அதே '/' 248.6 தரும், பெருக்கினால் மறுபடி 1243. சரிக்கட்டவும் இல்லை, 2 காசு கூடுதல் வேறு!

ஒரு பிழைச் செய்தியும் கிடையாது. 2டு3 இதைத் தொடாது. எந்த '/' முழு எண்ணுக்கானது என்று அதற்கு எப்படித் தெரியும்? '//' ஆக்கியதும் தீர்ந்தது. உங்களிடம் 2.7 இன்னும் ஓடுகிறதென்றால், மாற்றும் முன் கட்டளையில் '-3' போட்டு ஒருமுறை ஓட்டிவிடுங்கள். இப்படி வகுக்கிற வரி வந்தால் எச்சரிக்கை தரும்.

குளுவாங் உறுப்பினர்:
அண்ணே, எங்களுக்குப் பெயர்கள்தான் வில்லங்கம். கோயில் நன்கொடைப் பட்டியல், எல்லாம் தமிழில், யுடிஎஃப்-8 கோப்பு. எந்தக் குறியாக்கம் என்று சொல்லாமல் திறந்ததால், விண்டோஸில் பைத்தான் 3 அதை 1252 (தமிழ் இல்லாத பழைய விண்டோஸ் குறியாக்கம்) என்று எடுத்துக்கொண்டது. 'மாரியாயி' மட்டும் இருந்த சோதனைக் கோப்பு கிறுக்கலாகவாவது வந்தது. 'மாரியம்மா'வைச் சேர்த்ததும் நிரலே நின்றுவிட்டது. மெய்யெழுத்துப் புள்ளியின் மூன்றாவது பைட் 8டி. 1252-இல் அந்த இடம் காலி. திறக்கும்போதே யுடிஎஃப்-8 என்று எழுதியதும் ஓடியது.

பதில்:
புள்ளி இல்லாத பெயருக்கு நாம் எங்கே போவது தம்பி! அக்கா கடையில் எல்லாம் ரோமன் எழுத்து, தப்பித்தேன். அப்புறம், பெயரை இத்தனை இடத்தில் வெட்டு என்று ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். பைத்தான் 2 பைட்டாக எண்ணி வெட்டியிருக்கும், ஒரு தமிழ்க் குறிக்கு (எழுத்து, துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) 3 வீதம். இப்போது குறியாக எண்ணும், ரசீதில் பெயர் நீண்டு தொகையின் மேல் ஏறும்.