பேலா தார் படங்களை எதிலிருந்து தொடங்குவது?

இளவேனில்:
ஹங்கேரிய இயக்குநர் பேலா தாரின் 'சாத்தான்டாங்கோ'வை (1994) மூன்று முறை ஆரம்பித்துவிட்டேன், ஒரு முறைகூட முதல் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. சேற்றில் மாடுகள் நடந்து போகும் அந்த முதல் ஷாட் உண்மையாகவே பிடித்திருந்தது. அப்புறம் காற்றில் குப்பை பறக்கிற தெருவில் இரண்டு பேர் நடந்துகொண்டே இருக்கிறார்கள், அந்த இடத்தில் மனம் எங்கோ போய்விடுகிறது, கை தானாகப் போனை எடுத்துவிடுகிறது. இவர் படங்களை விரும்பிப் பார்க்கிறவர்கள் எதிலிருந்து தொடங்கினீர்கள்? வந்த வரிசையில் பார்க்க வேண்டுமா?

நெடும்பாதை:
வரிசை வேண்டாம். ஆரம்பகாலப் படங்கள் வேறு மாதிரி, நெருக்கடியான வீட்டுக்குள் ஓயாத பேச்சும் சண்டையும்தான். 'வெர்க்மைஸ்டர் ஹார்மனிஸ்' (2000) பாருங்கள். கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரத்துக்கு மொத்தமே 39 ஷாட். முதல் ஷாட்டில், மூடப்போகிற மதுக்கடையில் யானோஷ் என்ற இளைஞன் ஒரு குடிகாரரை நடுவில் நிறுத்திச் சூரியனாக்குகிறான், இன்னொருவரைப் பூமியாக்கி அவரைச் சுற்றவிடுகிறான், மூன்றாமவர் நிலா. கிரகணம் வருகிற இடத்தில் எல்லாரும் அப்படியே நின்றுவிடுவார்கள், இசையமைப்பாளர் மிஹாய் வீக்கின் பியானோ தொடங்கும். சுமார் பத்து நிமிடம், நடுவில் ஒரு வெட்டுகூட இல்லை. வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் தள்ளாடுகிற நாலு பேரைத்தான் பார்த்திருப்போம். அந்தப் பத்து நிமிடம் உங்களைப் பிடித்துக்கொண்டால் மற்ற படங்களுக்குப் பயப்படவே வேண்டாம்.

கரிசல்:
நல்ல படம்தான், ஆனால் அதில் திமிங்கலம், கலவரம், ஊர் அரசியல் என்று பிடித்துக்கொள்ள வேண்டியது அதிகம். நான் 'தி டூரின் ஹார்ஸ்' (2011) என்பேன். ஒரு அப்பா, ஒரு மகள், ஒரு குதிரை, வெளியே ஓயாத காற்று, ஆறு நாள், அவ்வளவுதான். சாப்பாடு அவித்த உருளைக்கிழங்கு. அப்பாவுக்கு வலது கை விளங்காது, ஒற்றைக் கையாலேயே ஆவி பறக்கிற கிழங்கின் தோலை உரித்து, சுடச்சுட வாயில் போட்டு ஊதி ஊதி விழுங்குவார். அடுத்த நாள் அதே மேசை, அதே கிழங்கு, ஆனால் கேமரா வேறு இடத்தில் இருக்கும். என்ன மாறியது என்று நம் கண் தானாகத் தேட ஆரம்பிக்கிறது. இவர் படத்தைப் பார்க்கத் தெரிவது என்பது எனக்கு அங்கேதான் நடந்தது. கடைசி நாள் அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று இங்கே சொல்ல மாட்டேன்.

மழைத்தாள்:
இரண்டில் எது பார்த்தாலும் சரி, 'சாத்தான்டாங்கோ'வைக் கைவிட்டுவிடாதீர்கள். ஏழு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? 12 பகுதிகள், டாங்கோ ஆட்டம் போல ஆறு அடி முன்னே, ஆறு அடி பின்னே. திரையரங்குகளிலேயே இடைவேளை விட்டுத்தான் போடுவார்கள். மதுக்கடை ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு சிறுமி உள்ளே ஆடுகிறவர்களைப் பார்ப்பாள், அடுத்த பகுதியில் அதே ஆட்டத்தை நாம் உள்ளேயிருந்து பார்ப்போம். இப்போது ஜன்னலுக்கு வெளியே யார் நிற்கிறாள் என்று நமக்குத் தெரியும், ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது. அந்தச் சிறுமி ஒரு பூனையை வதைக்கிற காட்சி அதற்கு முன்னால் வரும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

இளவேனில்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு போனை வேறு அறையில் வைத்துவிட்டு 'வெர்க்மைஸ்டர்' தொடங்கினேன். நிலா பூமியைச் சுற்றி முடித்ததும் நிறுத்தி, அந்த ஷாட்டை மட்டும் இன்னொரு தடவை பார்த்தேன். மீதியை இன்று இரவு பார்க்கிறேன்.