10க்கு 10 ரூம், 30 ஆயிரம் பட்ஜெட்: ஆம்பா, ஸ்பீக்கரா?

பெரம்பூர்_ஸ்டீரியோ:
மூணாவது மாடி ரூம், 10க்கு 10 அடி, உயரமும் 10. டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை. கட்டில்ல உக்காந்து பின்சுவர்ல சாஞ்சு கேக்குறேன். 5 இன்ச் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஒரு வாட்டுக்கு 86 டெசிபல், 8 ஓம். டிபிஏ3116 சிப் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்), 24 வோல்ட் அடாப்டர். பேஸ் எப்பவும் ஒரே இடத்துல 'கும்'முனு நிக்குது, குரல்ல 'ஸ்' வந்தா காதைக் குத்துது. கடையில 100 வாட் ஆம்ப் வாங்கச் சொல்றாங்க. பணத்தை எதுல போடலாம்?

வண்ணை_ஒலி:
ஆம்ப்ல போடாதீங்க. 24 வோல்ட்ல 8 ஓமுக்கு அதிகபட்சம் 24×24÷(2×8), அதாவது 36 வாட். 72 வாட் ஆக்கினாலும் கூடுறது 3 டெசிபல்தான். இவ்வளவு சின்ன ரூம்ல கேக்குற உங்களுக்கு 36 வாட்டே தாராளம். ஆனா அடாப்டர் லேபிளைப் பாருங்க. 2 ஆம்பியர்னா டிரம்ஸ் அடி விழும்போது வோல்டேஜ் இறங்கி ஒலி வெட்டுப்படும். 24 வோல்ட் 5 ஆம்பியர் போடுங்க. 36 வோல்ட் அடாப்டரைச் செருகினா அந்த சிப் போயிடும்.

உண்மையான சிக்கல் ரூமோட அளவு. நீளம், அகலம், உயரம் மூணும் ஒண்ணா இருக்கிறதால மூணு திசை அதிர்வும் சுமார் 57 ஹெர்ட்ஸ்லயே குவியுது, அடுத்தது 114ல. 57 ஹெர்ட்ஸ் சுவரோரம் வீங்கும், ரூம் நடுவுல காணாமப் போகும். நீங்க உக்காந்திருக்கிறது வீங்குற இடம். தலையைப் பின்சுவர்ல இருந்து மூணே முக்கால் அடி முன்னாடி கொண்டு வாங்க. காசு செலவில்ல, பலன் இதுலதான் அதிகம்.

ஸ்பீக்கருக்குப் பின்னாடி ஒரு அடி விடுங்க, ரெண்டுக்கும் நடுவுல அஞ்சடி, ட்வீட்டர் (மேல் ஒலி தர்ற சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துல. பின்பக்கம் போர்ட் ஓட்டை இருந்தா ஒரு சாக்ஸைச் சுருட்டி அடைச்சும் கேட்டுப் பாருங்க.

ராயபுரம்_ரீப்பர்:
குத்துறது பெரும்பாலும் சுவரும் டைல்ஸும் திருப்பி அடிக்கிறது. முதல்ல தடிமனான ஜமக்காளம் விரிங்க. அப்புறம் நீங்க உக்காந்திருக்க, இன்னொருத்தர் பக்கச்சுவர்ல கண்ணாடியை நகர்த்தணும். எங்க ட்வீட்டர் தெரியுதோ அங்க ஒலியை உறிஞ்சுற பேனல். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), 50 மி.மீ., 2க்கு 4 அடி ஸ்லாப். மர ரீப்பர் ஃபிரேம்ல போட்டு சுவருக்கும் பேனலுக்கும் 50 மி.மீ. இடைவெளி விடுங்க. இடைவெளி விட்டாத்தான் கீழ்க்குரல் வரைக்கும் பிடிக்கும். பக்கத்துக்கு ஒண்ணு, பின்சுவர்ல ரெண்டு, ஆக நாலு போதும்.

பேனலை மூடுற துணிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுல காட்டன் எடுங்க. வாய் வச்சு ஊதினா காத்து அந்தப் பக்கம் போகணும். ரெக்சின் வேண்டாம், மேல் ஒலியை அப்படியே திருப்பிடும். ராக்வூலை வெட்டும்போது மாஸ்க், கையுறை கட்டாயம். முட்டை டிரே, ஒரு இன்ச் ஃபோம் ரெண்டும் பேஸைத் தொடவே தொடாது.

பெரம்பூர்_ஸ்டீரியோ:
கட்டிலை ரெண்டடிக்கு மேல நகர்த்த முடியாதே. பேனல் அடிச்சா பக்கத்து வீட்டுக்குப் போற சத்தமாவது குறையுமா?

வண்ணை_ஒலி:
குறையாது. பேனல் ரூமுக்குள்ள எதிரொலியை மட்டும்தான் அடக்கும். அடுத்த வீட்டுக்குப் போறதைத் தடுக்க சுவரோட எடைதான் கூடணும். அதனால சப்வூஃபரும் (பேஸுக்குன்னு தனி ஸ்பீக்கர்) இப்போ வேண்டாம்.

ரெண்டடி நகர்த்தினதும் கொஞ்சம் வீக்கம் மிச்சம் இருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர்ல இருந்து கேட்டா, ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசர் ஏபிஓ சாஃப்ட்வேர் இலவசம். மைக் வச்சு 57 ஹெர்ட்ஸை ஒட்டி அளந்து, ஒலி வீங்குற மேடு எங்கயோ அங்க மட்டும் 5, 6 டெசிபல் குறைங்க. ஒலி காணாமப் போற பள்ளத்தை ஏத்தவே ஏத்தாதீங்க: 6 டெசிபல் ஏத்தினா ஆம்ப் நாலு மடங்கு வாட் தரணும், பள்ளமோ அப்படியே இருக்கும்.

காசிமேடு_காது:
பேனல், அடாப்டர், ஜமக்காளம் போக மீதிப் பணத்தை ஸ்பீக்கருக்கு வையுங்க, ஆனா ஒரு மாசம் கேட்ட பிறகு. பழசு வாங்கினா ஸ்பீக்கர்ல அதிர்ற கோனைச் (கூம்பைச்) சுத்தியிருக்கிற வளையம் ரப்பரானு பாருங்க. ஃபோம் வளையம் நாளாக ஆக உதிரும். கடற்கரைப் பக்கம் உப்புக் காத்துல செம்பு வயர் முனை பச்சை பூத்து இணைப்பு கெடும், பனானா பிளக் போட்டு இறுக்குங்க. வயர் 1.5 ஸ்கொயர் மி.மீ. செம்பு போதும், மூணு மீட்டருக்கு 0.1 ஓம்கூட வராது.