உதவி: நொய்! இரண்டாவது ஆல்பம், இரண்டாம் பக்கம் வேகம் தாறுமாறு. பெல்ட்டா, தட்டா?

கருந்தட்டு
அவசரம். எழுபதுகள்ல இருந்த ஜெர்மன் குழு நொய்!யோட ஆல்பங்களை வரிசைப்படுத்தி ஞாயித்துக்கிழமைக்குள்ள பட்டியல் கொடுக்கணும். முதல் ஆல்பமும், ‘நொய்! 75’ங்கிற மூணாவது ஆல்பமும் கேட்டு முடிச்சாச்சு. இரண்டாவதுல மாட்டிக்கிட்டேன். பக்கத்தைத் திருப்பிப் போட்டா வேகம் தாறுமாறா ஓடுது. முதல் பாட்டு எலி கீச்சிடுற மாதிரி, அடுத்தது சேத்துல வண்டி இழுக்குற மாதிரி, நடுவுல ஒண்ணு டேப் சிக்கினாப்ல. பெல்ட் போச்சா, மோட்டார் போச்சா? சீக்கிரம் சொல்லுங்க.

பெல்ட்ராஜ்
பெல்ட்தான், சந்தேகமே இல்ல. ரப்பர் இறுகிப்போய் வழுக்குது. தட்டு உட்கார்ற பிளாட்டரைத் தூக்கி பெல்ட்டைக் கழட்டுங்க. மோட்டார் புல்லியையும், பெல்ட் உட்கார்ற விளிம்பையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க. பெல்ட்ட வெறும் விரலால தொடாதீங்க, கை எண்ணெய் ஒட்டினா மறுபடி வழுக்கும். புதுசு வாங்கணும்னா பழச அளக்காதீங்க, அது நீண்டு போயிருக்கும். பெல்ட் ஓடுற வழியில நூல் சுத்தி அளந்து, அதுல நூத்துக்கு அஞ்சு பங்கு குறைச்ச நீளத்துல வாங்குங்க.

காயல்_கேசட்
என்ன பிளேயர்னே சொல்லலையே தம்பி. பெல்ட் டிரைவா, பெல்ட் இல்லாம மோட்டாரே நேரா சுத்துற டைரக்ட் டிரைவா? முதல் பக்கம் சரியா ஓடுதா? மத்த தட்டு எல்லாம்? இது எந்தப் பதிப்பு? 2001ல அதிகாரபூர்வ மறுவெளியீடு வர்ற வரைக்கும் 90கள்ல அனுமதியில்லாத பிரதிகள்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. இதெல்லாம் தெரியாம பெல்ட்ட மாத்தச் சொல்றது இருட்டுல கல் எறியிற வேலை.

மின்தடை
வோல்டேஜ் பாருங்க. சாயங்காலம் 190க்குக் கீழ இறங்கினா மோட்டார் இழுக்காது. ஸ்டெபிலைசர் போட்டுக் கேட்டுட்டு சொல்லுங்க.

ஊசிமுனை
வோல்டேஜும் இல்லை, பெல்ட்டும் இல்லை. தட்டின் லேபிளை ஒருமுறை படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இரண்டாம் பக்கத்தின் வரிசை இது: நொய்ஷ்னே 78, சூப்பர் 16, நொய்ஷ்னே, காசெட்டோ, சூப்பர் 78, ஹலோ எக்ஸென்ட்ரிகோ!, சூப்பர். அந்த 78, 16 எல்லாம் என்ன எண்கள் என்று யோசிக்க வேண்டாமா? ரெக்கார்ட் பிளேயரின் வேகங்கள், நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று. ஒரு குழுவின் ஆல்பங்களை வரிசைப்படுத்த வருகிறவர் அட்டையைப் படித்துவிட்டு வரலாம்.

காயல்_கேசட்
ஊசிமுனை, விஷயம் சரி, தொனி வேண்டாமே. புதுசா வர்றவருக்கு முழுசாச் சொல்லலாம்.

தம்பி, 1972ல இவங்க சூப்பர், நொய்ஷ்னே ரெண்டையும் ஒரே சிங்கிளா, பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கிற சின்னத் தட்டா, வெளியிட்டாங்க. 73ல இரண்டாவது ஆல்பம். முதல் பக்கத்துக்கே காசும் நேரமும் கரைஞ்சு போச்சு, இரண்டாம் பக்கத்துக்குப் புதுசா ஒண்ணும் கையில இல்ல. அந்த சிங்கிளை எடுத்து பிளேயர்ல வெவ்வேற வேகத்துல ஓட்டியும், கேசட் ரெக்கார்டர்ல போட்டு நசுக்கியும் பக்கத்தை நிரப்பினாங்க. நீங்க கேட்ட எலி நொய்ஷ்னே 78. வண்டி சூப்பர் 16. டேப் சிக்கினது காசெட்டோ.

சுருதிப்பெட்டி
கணக்கு வேணும்னா: 45ல ஓடவேண்டிய சிங்கிளை 78ல ஓட்டினா 1.73 மடங்கு வேகம். சுருதி ஏறக்குறைய ஒன்பதரை அரைச்சுரம் ஏறும். அதே சிங்கிளை 16⅔ல ஓட்டினா வேகம் 0.37 பங்குதான். ஒரு ஸ்தாயி முழுசா இறங்கி அதுக்கும் கீழ இன்னும் ஐந்து அரைச்சுரம். ஒரு நிமிஷத்துப் பாட்டு 2 நிமிஷம் 42 விநாடிக்கு இழுபடும். தளர்ந்த பெல்ட் இத்தனை தூரம் இறக்காது. அதைவிட முக்கியம், வழுக்குற பெல்ட் வேகத்தைக் குறைக்குமே தவிர கூட்டாது. எலிக்குரல் வந்துச்சுன்னாலே அது பெல்ட் இல்ல.

பெல்ட்ராஜ்
சரி, எலிக்கு பெல்ட் காரணமில்ல. ஆனா மெதுவா ஓடுற பாட்டுக்கு? ரெண்டும் சேர்ந்து இருக்கக் கூடாதா? தட்டு இப்படித்தான்னு சொல்லிட்டா மெஷின் நல்லாயிருக்குன்னு ஆயிடுமா?

சுருதிப்பெட்டி
அது நியாயமான கேள்வி. அந்தப் பக்கத்துலயே விடை இருக்கு. மூணாவதா வர்ற நொய்ஷ்னேவும் கடைசியில வர்ற சூப்பரும் கை வைக்காத மூலப் பாட்டு. அந்த ரெண்டும் இயல்பா ஒலிச்சா பெரிய கோளாறு இல்ல. சின்னக் கோளாறைப் பிடிக்க காது போதாது, எண்ணிப் பாக்கணும். லேபிள் மேல ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்க. ஊசி தட்டு மேல இருக்கும்போதே எண்ணணும், ஊசியோட இழுவை இல்லாம எண்ணினா கணக்கு தப்பும். ஆல்பம் ஓடுற வேகம் 33⅓, அதனால 3 நிமிஷத்துல சரியா 100 சுற்று வரணும்.

ஸ்ட்ரோப் வட்டு, அதாவது வேகம் பாக்கக் கோடு போட்ட வட்டு, இருந்தா இன்னும் சுலபம். 50 ஹெர்ட்ஸ் விளக்கு வெளிச்சத்துல 33⅓க்கு 180 கோடு இருக்கிற வளையம் அசையாம நிக்கணும். பல எல்.ஈ.டி. பல்புல அந்தத் துடிப்பே இருக்காது, கோடு கலங்கலாத்தான் தெரியும். குண்டு பல்போ நியானோ வச்சுப் பாருங்க.

மின்தடை
வோல்டேஜை யாரும் கண்டுக்கலையே.

சுருதிப்பெட்டி
ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் வோல்டேஜைப் பாத்து சுத்தாது, ஹெர்ட்ஸைப் பாத்து சுத்தும். கொஞ்சம் வோல்டேஜ் இறங்கினா வேகம் மாறாது. டி.சி. மோட்டார்னா அடாப்டருக்கு அப்புறம் தனியா சீராக்கி இருக்கும். ஆனா உங்க பக்கம் ஒரு பாயிண்ட் இருக்கு: அமெரிக்கா, கனடாவுல வாங்கின ஏ.சி. மோட்டார் பிளேயரா இருந்தா அதோட புல்லி 60 ஹெர்ட்ஸுக்குக் கடைஞ்சது. 50 ஹெர்ட்ஸ்ல மாட்டினா 33⅓க்குப் பதிலா 27.8தான் சுத்தும், மூணு அரைச்சுரம் இறங்கிடும். ஸ்டெபிலைசர் அதைத் தீர்க்காது, புல்லிய மாத்தணும்.

கருந்தட்டு
பெல்ட் டிரைவ். இங்கேயே வாங்கினது. மத்த தட்டு சரியாத்தான் ஓடுற மாதிரி இருக்கு. மூணாவது பாட்டு நல்லாருக்கு. ஆறாவது மட்டும் ஆடுது. இதுல எண்ணணுமா?

சுருதிப்பெட்டி
ஆறாவதுல எண்ணாதீங்க. எக்ஸென்ட்ரிகோங்கிற பேரே மையம் விலகினதுன்னு சொல்லுது. அந்த ஆட்டம் பதிவுலயே இருக்கு. முதல் பக்கத்துல ஸ்பிட்சென்க்வாலிடேட்டையும் நம்பாதீங்க, அதுல டிரம்ஸே கொஞ்சங் கொஞ்சமா மெதுவாகிக்கிட்டுப் போகும். சோதனைக்கு ஏத்தது அதே பக்கத்து முதல் பாட்டு ஃபியூர் இம்மர். தொடக்கத்துலேர்ந்து முடிவு வரைக்கும் டிரம்மர் கிளவுஸ் டிங்கர் கை மாறாத ஒரே தாளம். நீளம் 11 நிமிஷம் 17 விநாடி. ஸ்டாப்வாட்ச் வைங்க. பத்துப் பதினைஞ்சு விநாடி கூட வந்தா உங்க மெஷின் 2 சதவீதம் மெதுவு.

உங்க தட்டோட ஓட்டையே மையம் விலகியிருக்கான்னு பாக்கணும்னா ஊசியைத் தாங்குற டோன் ஆர்மைக் கவனிங்க. விலகியிருந்தா ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 விநாடிக்கு ஒரு தடவை, இடதும் வலதுமா ஆடும். அரை மில்லிமீட்டர் விலகினாலே உள் ஓரத்துல, நடுவுலேர்ந்து 6 சென்டிமீட்டர்ல, சுருதி 0.8 சதவீதம் ஏறி இறங்கும். பியானோ நீண்டு ஒலிக்கிற இடத்துல நல்லா கேக்கும், டிரம்ஸ்ல தெரியாது. 75-ல லேப் வோல் போட்டுப் பாத்தா உடனே தெரிஞ்சிடும்.

மழைத்தாளம்
இதை எல்லாம் விட்டுட்டு, இரண்டாம் பக்கத்தை ஆல்பத்தோட மதிப்பெண்ல சேக்கலாமான்னு யோசிங்க. என்னைக் கேட்டா அதுதான் ஆல்பத்தோட சிறந்த பகுதி. ரீமிக்ஸ்னு ஒரு சொல் புழங்குறதுக்கு முன்னாடியே தன் பாட்டைத் தானே பிரிச்சுப் போட்டிருக்காங்க. சூப்பர் 16-ஐத்தானே மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின் படத்துல வில்லனுக்கு வச்சாங்க? மெதுவாக்கினதாலதான் அந்தப் பயம் வந்துச்சு. மூல சூப்பரை அந்த இடத்துல வச்சா ஒண்ணுமே ஆகாது.

ஊசிமுனை
ரீமிக்ஸுக்கு முன்னோடி என்பது ஜமைக்காவை மறந்தவர்கள் சொல்வது. ஒலிப்பொறியாளர் கிங் டபி அதே ஆண்டுகளில் கிங்ஸ்டனில் முழுப் பாடல்களையும் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார். சிங்கிளின் மறுபக்கத்தில் வெர்ஷன், அதாவது அதே பாட்டின் குரலற்ற வடிவம், போடும் வழக்கம் அதற்கும் முந்தியது. டபியின் கையில் மிக்ஸிங் பலகை இருந்தது, ஒவ்வொரு கருவியையும் தனியாக ஏற்றி இறக்கினார். இங்கே நடந்தது வேகக் குமிழைத் திருப்பியது மட்டும்தான். குழுவின் கிட்டார் கலைஞர் மிகாயேல் ரோட்டரே பணம் தீர்ந்ததைத்தான் காரணமாகச் சொன்னார்.

மழைத்தாளம்
ரோட்டர் சொன்னது பாதிதான். கிளவுஸ் டிங்கர் அதை வேணும்னே செஞ்ச கலையாத்தான் கடைசி வரைக்கும் பேசினார். ரெண்டு பேருக்கும் எதுலதான் ஒத்துப்போச்சு? ஒத்துப்போகாததாலதானே இத்தனை வருஷம் அந்த ஆல்பங்கள் அதிகாரபூர்வமா மறுபதிப்பு காணாமக் கிடந்துச்சு.

காயல்_கேசட்
காசு தீர்ந்ததும் உண்மை, தீர்ந்த பிறகு கையில கிடைச்சதை வச்சு ஒரு முடிவு எடுத்ததும் உண்மை. கோனி ப்ளாங்க் மாதிரி ஒரு ஒலிப்பதிவாளர் பக்கத்துல உக்காந்திருக்கும்போது அது தற்செயலா நடந்திருக்காது. ஆனா வரிசைனு வந்தா முதல் பக்கத்தை வச்சுத்தான் நான் மதிப்பெண் போடுவேன். ஃபியூர் இம்மர்ல கிட்டார் மேல கிட்டாரா ஏத்திக்கிட்டே போயிருக்காங்க பாருங்க. ஒவ்வொண்ணும் எங்க நுழைஞ்சதுன்னு பிடிக்க முடியாது, இருக்குன்னு உணர்ந்த பிறகுதான் அது முன்னாடியே வந்துடுச்சுன்னு தெரியும்.

வெண்பலகை
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். எல்லாரும் நொய்னு எழுதுறீங்க. நியூதானே சரி? ஆங்கிலத்துல அப்படித்தானே சொல்றாங்க.

ஊசிமுனை
ஜெர்மன் குழு. ஜெர்மன் உச்சரிப்பு. குறில் ஒகரம்: நொய். புதியது என்று பொருள்.

வெண்பலகை
நொய்னா நமக்குக் குருணை அரிசி. சிலர் நோய்னு வேற எழுதுறாங்க, அது வியாதி. படிக்கிறவங்க குழம்ப மாட்டாங்களா?

ஊசிமுனை
ஆச்சரியக்குறி பெயரின் பகுதி, அதைச் சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. நெடில் போடுவதுதான் பிழை. ‘நியூ’ என்று எழுதினால் நொய்ஷ்னேயை என்ன செய்வீர்கள்? புதுப்பனி என்ற சொல்லுக்குள் குழுவின் பெயரை ஒளித்துவைத்திருக்கிறார்கள். நியூஷ்னே என்றால் அந்த விளையாட்டே போய்விடும்.

காயல்_கேசட்
இதுல ஊசிமுனை சொல்றது சரி. நொய்! இருக்கட்டும். தம்பி எங்க போனாரு? எண்ணினாரா?

கருந்தட்டு
எண்ணினேன். 3 நிமிஷத்துல 98. ஃபியூர் இம்மர் 11:31.

பெல்ட்ராஜ்
நான் சொன்னேனா இல்லையா!

சுருதிப்பெட்டி
பெல்ட்ராஜ் பாதி ஜெயிச்சாச்சு. 98 சுற்றுன்னா 2 சதவீதம் மெதுவு. சுருதி ஒரு அரைச்சுரத்துல மூணுல ஒரு பங்கு இறங்கியிருக்கு. காதுக்குப் பழகிப்போனதால மத்த தட்டுலயும் தெரியல. கருந்தட்டு, வரிசை இதுதான்: முதல்ல புல்லி, விளிம்பு ரெண்டையும் துடைச்சு மறுபடி எண்ணுங்க. 100 வந்தா நிறுத்திடுங்க. வரலைன்னா புது பெல்ட். அதுக்கப்புறமும் வரலைன்னா, டி.சி. மோட்டாரா இருந்தா மட்டும், மோட்டார் அடியில சின்ன ஓட்டைக்குள்ள வேகத்தைச் சரிபண்ற ட்ரிம்மர் திருகு இருக்கும். மெல்லிசான ஸ்க்ரூடிரைவரால இம்மி இம்மியா. 33க்கும் 45க்கும் தனித்தனித் திருகு இருந்தா முதல்ல எது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தொடுங்க. பெல்ட் சரியில்லாதப்போ ட்ரிம்மரைத் திருகாதீங்க, புது பெல்ட் போட்டதும் வேகமா ஓடும்.

மின்தடை
பெல்ட்ட வெந்நீர்ல போட்டு எடுத்தா சுருங்கிடும்னு சொல்வாங்களே?

பெல்ட்ராஜ்
சில நாள் தாங்கும், மறுபடி தளரும். பட்டியல் கொடுக்கிற அவசரத்துக்கு வேணும்னா செய்யலாம். புது பெல்ட் பெரிய செலவே இல்ல.

மழைத்தாளம்
முதல் ஆல்பத்தையும் 75-ஐயும் அந்த மெதுவான வேகத்துலயேதானே கேட்டு மதிப்பெண் போட்டிருப்பீங்க? அதையும் மறுபடி கேளுங்க. முதல் ஆல்பத்துல ஹாலோகாலோ 10:07 ஓடணும். 2 சதவீதம் சின்னதாத் தோணும், ஆனா அந்த நேர்கோட்டுத் தாளத்துக்கு உயிரே வேகம்தான். 75-ல இரண்டாம் பக்கத்துல டிங்கர் டிரம்ஸை விட்டு எழுந்து கிட்டாரோட முன்னாடி வந்துட்டார். அவரோட தம்பி தாமஸும் ஹான்ஸ் லாம்பேயும் ரெண்டு டிரம்ஸ். அந்தப் பக்கத்து ‘ஹீரோ’ பாட்டு மந்தமா ஓடினா அந்தக் கோபமே வராது.

ஊசிமுனை
இதை ஒப்புக்கொள்கிறேன். 75-ஐ நம்பர் 1 ஆக்குவதாக இருந்தால் சரியான வேகத்தில் கேட்ட பிறகு ஆக்குங்கள். முதல் பக்கம் ரோட்டர், இரண்டாம் பக்கம் டிங்கர் என்று வீட்டைப் பங்கு பிரித்ததுபோல இருக்கும். அப்படியிருந்தும் ஒரே ஆல்பமாக நிற்கிறது.

காயல்_கேசட்
எனக்கு முதல் ஆல்பம்தான் முதல்ல. நெகாடிவ்லாண்ட் தொடங்குறப்போ தரையைக் குடையிற டிரில்லிங் மெஷின் சத்தம், இம் க்ளூக்ல படகுத் துடுப்பும் தண்ணியும். ஒரே தட்டுல ரெண்டும். அத்தனையும் ஹாம்பர்க் ஸ்டுடியோவுல நாலு ராத்திரியில முடிச்சது.

கருந்தட்டு
துடைச்சும் 99தான் வந்துச்சு. புது பெல்ட் போட்டேன், இப்ப 100. ஃபியூர் இம்மர் 11:17. இரண்டாம் பக்கம் அப்படியேதான் இருக்கு. பட்டியல் அனுப்பிட்டேன்: 75, முதல் ஆல்பம், இரண்டாவது. எல்லாருக்கும் நன்றி.

மழைத்தாளம்
இரண்டாவது கடைசியா? ஃபியூர் இம்மருக்கு எத்தனை மதிப்பெண் போட்டீங்க? இரண்டாம் பக்கத்தைக் கணக்குல சேத்தீங்களா, விட்டுட்டீங்களா?

பெல்ட்ராஜ்
பழைய பெல்ட்ட தூக்கிப் போட்டுடாதீங்க. அகலத்தையும் தடிமனையும் அளந்து குறிச்சு வச்சுக்கிட்டா அடுத்த தடவை வாங்க லேசு.