புதுப்பிப்பு: நெற்றிக்குப் பின்னால் இருந்தவனைத் தேடிப் போன கதை

போன மாதம் எழுதியிருந்தேன்: கண்ணை மூடினால் நெற்றிக்குப் பின்னால் ஒருவன் இருந்து எல்லாவற்றையும் பார்ப்பதுபோல இருக்கிறது, அவன் யார் என்று. “எண்ணத்தை விடு, உடம்பில் தொடங்கு” என்று ஒரு அண்ணன் பதில் போட்டிருந்தார்.

சரி, திருகோணமலையில் டச்சு வளைகுடாக் கரையில் தினமும் 20 நிமிடம் கண்ணை மூடி இருந்தேன். முதல் கிழமை கால் மரத்ததுதான் மிச்சம். அப்புறம் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போனேன். அங்கே ஏழு கிணறுகள், எல்லாம் ஒரே சூடு இல்லை. வாளியைக் கவிழ்த்ததும் முதலில் வெறும் ‘சுள்’. ‘எனக்குச் சுடுகிறது’ என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த இடைவெளியில் ‘நான்’ இல்லை! மறுபடியும் மறுபடியும் ஊற்றிப் பார்த்தேன். “தம்பி, வாளியைத் தாறீங்களா?” என்று பின்னால் நின்ற அம்மா கேட்டதும் ‘நான்’ வெட்கத்தோடு முழுசாகத் திரும்பிவிட்டது.

நெற்றிக்காரனையும் தேடினேன். அகப்பட்டது புருவ இறுக்கம் மட்டுமே. ‘அதைப் பார்ப்பவன்’ என்பதும் இன்னொரு எண்ணமாகத்தான் வந்து போனது.

1896இல் மதுரையில், 16 வயது ரமணர் பிணம்போலப் படுத்து விசாரித்தபோது, உடம்பு போனாலும் ‘நான்’ மிஞ்சும் என்று கண்டார். பௌத்தம் அப்படி மிஞ்சும் ஆன்மா இல்லை என்கிறது. என் 20 நிமிடம் இந்த வழக்கைத் தீர்க்காது.

அண்ணனுக்கு: புருவத்தைத் தளர்த்தியதில் தலையிடி குறைந்திருக்கிறது. நன்றி.